புயல் மையத்தின் இருப்பறை: கேள்வி – பதில்

கேள்வி: புயல் பாதுகாப்பு மையத்தின் இருப்பறையை ஆண்டில் எத்தனை முறை திறந்து பார்க்க வேண்டும்?
– ஊராட்சிச் செயலர், வேதாரண்யம் வட்டம்

பதில்: முழுச் சோதனை இரண்டு முறை. தமிழகக் கரையைத் தாக்கும் புயல்களில் பெரும்பாலானவை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் வருபவை. தானே 2011 டிசம்பர் 30-இலும், கஜா 2018 நவம்பர் 16-இலும், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இலும் கரையைக் கடந்தன. ஆகவே முதல் சோதனை செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும். குறை தெரிந்தால் வாங்கி நிரப்ப அப்போதுதான் ஒரு மாதமாவது கையில் இருக்கும்.

இரண்டாவது சோதனை ஜனவரியில். புயலுக்குப் பயன்பட்ட பாயும் தார்ப்பாயும் ஈரத்தோடும் சேற்றோடும் அறைக்குத் திரும்புகின்றன. அப்படியே அடுக்கிப் பூட்டினால் அடுத்த செப்டம்பரில் கிடைப்பது பூஞ்சணம் மட்டுமே. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு சாவி தேடி அறையைத் திறப்பது சோதனை ஆகாது.

கேள்வி: பள்ளிக் கட்டடமே எங்கள் ஊரின் நிவாரண முகாம். கேன் தண்ணீர் வாங்கி ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாமா?
– தலைமை ஆசிரியை, சீர்காழி

பதில்: கூடாது. 20 லிட்டர் கேன் சில வாரங்களில் தீர வேண்டிய சரக்கு. வெயில் படும் இடத்தில் வைத்தால் உள்ளே பாசி பிடிக்கும், பிளாஸ்டிக் வாடை ஏறும். சிறிய பாட்டில்களில் அச்சிட்டிருக்கும் நாளைப் பார்த்து, அதற்கு முன்பே பள்ளி நிகழ்ச்சிகளில் செலவழித்துவிட வேண்டும். நாள் கடந்த தண்ணீர் தரை கழுவ உதவும். காலிப் பாட்டிலை நசுக்கி உலர் கழிவில் சேர்க்க வேண்டும். முழுதாகப் போட்டால் அதே பாட்டிலில் வேறு தண்ணீர் நிரம்பி வர வழி உண்டு.

முகாமுக்கு உண்மையில் தேவை மூடியுள்ள பெரிய தொட்டி. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது நிவாரணப் பணிகளுக்கான உலக அளவுகோல். 200 பேருக்கு அது 3,000 லிட்டர். இதைக் கேனில் சேர்த்து வைக்க எந்தப் பள்ளியிலும் இடம் இருக்காது. புயலுக்கு முந்தின நாள் தொட்டியைக் கழுவி, நிரப்பி, குளோரின் போட்டு மூடி வைப்பதே முறை.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பிஸ்கட், போர்வை, டார்ச் எல்லாம் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. இப்படியே பாதுகாத்து வரலாம் அல்லவா?
– கிராமக் குழு உறுப்பினர், கடலூர் மாவட்டம்

பதில்: ஒன்றுகூடக் குறையவில்லை என்பதுதான் இங்கே குறை. பிரிக்காத பெட்டிக்குள்ளும் காலம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. பிஸ்கட்டில் உள்ள கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுகிறது. உறையைக் கிழித்ததும் பழைய எண்ணெய்ச் சட்டியின் காறல் வாடை முகத்தில் அடிக்கும். டார்ச்சுக்குள் விட்டுவைத்த பேட்டரி கசிந்து, சுருள் கம்பியின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். போர்வை மடிப்பு விழுந்த இடத்திலேயே இற்றுப்போகும். எண்ணிக்கை குறையாததால் பதிவேடு மட்டும் சரியாக இருக்கும்.

இது ஒரு கிராமத்துப் பிழை மட்டும் அல்ல. 2006 மார்ச்சில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அடியில் மாநகர ஊழியர்கள் வழக்கமான ஆய்வின்போது ஒரு நிலவறையைக் கண்டார்கள். அணுகுண்டுத் தாக்குதல் அச்சம் நிலவிய காலத்தில் சேர்த்த தண்ணீர்க் கலங்கள், மருந்துகள், போர்வைகள், தகர டின்களில் ஏறத்தாழ 3,50,000 பிஸ்கட்டுகள் அங்கே இருந்தன. பெட்டிகளில் 1957, 1962 என்று ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. சேர்த்தவர்களின் அக்கறையில் குறையில்லை. சேர்த்ததைச் செலவழித்துப் புதுப்பிக்கும் பொறுப்பு அரை நூற்றாண்டாக யார் கையிலும் இல்லை.

இருப்பு என்பது ஓடும் தண்ணீர் போல இருக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். புதிய பெட்டி பின்வரிசைக்கும் பழையது முன்வரிசைக்கும் வர வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் காலாவதி மாதத்தைத் தூரத்திலிருந்தே தெரியும்படி எழுத வேண்டும். நாள் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது இன்னும் நல்ல பொருளாக இருக்கும்போதே, முறைப்படி ஒப்புதல் பெற்றுப் பள்ளிக்கோ விடுதிக்கோ முதியோர் இல்லத்துக்கோ அனுப்ப வேண்டும். கெட்ட பிறகு கொடுப்பது தானம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. சில மணி நேரத்தில் ஊர்க் கடையிலேயே வாங்கக்கூடியதை ஆண்டு முழுவதும் அடுக்கி வைக்கத் தேவையில்லை. எச்சரிக்கை வந்ததும் இத்தனை மூட்டை அரிசி, இத்தனை பெட்டி பிஸ்கட் என்று கடைக்காரரோடு முன்கூட்டியே எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அன்றிரவு எங்கும் கிடைக்காத பொருளுக்கே அறையில் முதல் இடம்: தார்ப்பாய், கயிறு, விளக்கு, மிதவை, குளோரின், முதலுதவிப் பெட்டி, பெண்களுக்கான நாப்கின், குழந்தைகளுக்கான துணி.

கேள்வி: அரிசி மூட்டையில் வண்டு. மாத்திரை வைக்கலாமா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: மக்கள் படுக்கும் கட்டடத்தில் ஒருபோதும் கூடாது. அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக் காற்று பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை வெளிவிடும். அது உயிரைக் கொல்லும். மாற்று மருந்தும் இல்லை. மூட்டையை மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் வைத்து, ஓரிரு மாதத்துக்குள் சமைத்துத் தீர்ப்பதே வழி.

கேள்வி: காலாவதியான பிஸ்கட்டை மாட்டுக்குப் போடலாமா?
– பால் உற்பத்தியாளர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பூஞ்சணம் துளியும் இல்லாதது, உறை முழுதும் நீக்கியது, தீவனத்தோடு ஒரு கைப்பிடி என்றால் போடலாம். கூடைக் கணக்கில் கொட்டினால் மாவுச்சத்து மிகுந்து மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறும். மாடு சாகவும் கூடும். பூஞ்சணம் பிடித்ததில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். மாடு தின்றால் அது பாலில் இறங்கும், பால் குழந்தைக்குப் போகும். அத்தகையதை உறை நீக்கி உரக்குழியில் மூடுவதே சரி.

கேள்வி: முதலுதவிப் பெட்டியில் பழைய மாத்திரைகள் நிறைய. நாள் கடந்தாலும் வீரியம் இருக்கும் என்கிறார்களே?
– அங்கன்வாடிப் பணியாளர், இராமநாதபுரம்

பதில்: குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்த சில மாத்திரைகளுக்கு அது பொருந்தலாம். கடற்கரையில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள இருப்பறை அப்படிப்பட்ட இடம் அல்ல. காலாவதியான டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதான செய்தி 1963-லேயே மருத்துவ இதழில் வந்தது. முகாமில் எந்த மாத்திரை எப்படிக் கெட்டது என்று பிரித்தறிய யாராலும் முடியாது. நாள் கடந்ததை வெளியேற்ற வேண்டும், அவ்வளவே.

பயப்படவும் தேவையில்லை. அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். உப்புக்கரைசல் பொடி கட்டிதட்டியிருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ நாள் மீதமிருந்தாலும் வேண்டாம். நல்ல பொடியை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

கழித்த மருந்தைக் கழிப்பறையிலும் கிணற்றோரக் குழியிலும் கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது. பட்டியல் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி காலாவதி மருந்து மஞ்சள் பையில் சேர வேண்டியது. அங்கிருந்து முறையான எரிப்பு உலைக்குப் போகும்.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் மூட்டை இரண்டு ஆண்டாக இருக்கிறது. வாடை வருகிறது. அப்படியானால் நன்றாகத்தானே இருக்கிறது?
– குடிநீர்த் தொட்டி இயக்குபவர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: வாடை எதையும் நிரூபிக்காது. நல்ல பவுடரில் குளோரின் 33 சதவீதம் அளவுக்கு இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், அதிலும் வாய் திறந்த மூட்டையில், அது மாதாமாதம் இறங்கும். 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு நல்ல பவுடர் ஏறக்குறைய 2.5 கிராம் போதும். குளோரின் பாதியாகிவிட்ட பவுடரில் அதே வேலைக்கு 5 கிராம் வேண்டும். பழைய பவுடரைப் பழைய அளவிலேயே போட்டால் கிருமி சாகாது; குடிப்பவருக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை மட்டும் இருக்கும். முகாமில் வயிற்றுப்போக்கு பரவ இது போதும்.

போட்டு அரை மணி நேரம் கழித்து, குழாய் முனையில் பிடித்த தண்ணீரைக் குளோரின் சோதனைக் கருவியில் பார்க்க வேண்டும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், நோய் பரவும் காலத்தில் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் நீரை முதலில் தெளிய வைக்க வேண்டும்.

வீரியம் குறைந்த மூட்டையை மழைக்கு முன்பே சாக்கடைக்கும் கழிப்பறைத் தரைக்கும் செலவழித்துவிடலாம். குளத்தில் கொட்டினால் மீன் சாகும். டீசல், அமிலம் இரண்டின் அருகிலும் இந்த மூட்டை இருக்கக் கூடாது: ஒன்றோடு சேர்ந்தால் தீ, மற்றதோடு சேர்ந்தால் நச்சுவாயு.

கேள்வி: வீட்டில் உள்ள பழைய போர்வை, கிழிந்த பாய்களை மையத்துக்குக் கொடுக்க விரும்புகிறோம்.
– குடியிருப்போர் சங்கம், சென்னை

பதில்: கிழிந்தது வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் வந்து குவிந்த பழந்துணி சாலையோரங்களில் மலையாகக் கிடந்து மழையில் நனைந்து வீணானது. வீடிழந்தவர் மானம் இழந்தவர் அல்ல. தன் வீட்டு விருந்தாளிக்கு விரிக்க மனம் வராத போர்வையை அவருக்கும் அனுப்பக் கூடாது.

மையத்தில் உள்ளவற்றை ஜனவரியில் துவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். எலிப்புழுக்கை கண்ட மூட்டையைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. துவைத்தும் தேறாத போர்வை தரை துடைக்கும் துணியாகலாம்.

தார்ப்பாய்க்குச் சோதனை எளிது. ஒரு மூலையை இறுக மடித்து நகத்தால் அழுத்தி விரித்தால், நல்ல பாயில் கோடு மட்டும் தெரியும். வெயிலில் செத்த பாயில் வெடிப்பும் பொடியும் தெரியும். பிறகு இருவர் விரித்துப் பிடிக்க, ஒருவர் அடியில் நின்று வானத்தைப் பார்த்தால் ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். மூலைகளில் கயிறு கட்டும் வளையங்களை இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று முதலில் பிய்ப்பது அதைத்தான். கூரைக்கு ஆகாத பாய் தரையில் விரிக்க ஆகும். அதற்கும் ஆகாதது பிளாஸ்டிக் கழிவு. எரிக்கக் கூடாது.

கேள்வி: மெழுகுவர்த்திகள் உருகி ஒட்டிக்கொண்டன. திரும்ப வார்க்கலாமா?
– புதுக்கோட்டை வாசகர்

பதில்: வேண்டாம். 200 பேர் பாய் விரித்துப் படுக்கும் கூடத்தில் மெழுகுவர்த்திக்கு வேலை இல்லை. எல்.இ.டி. விளக்கு போதும்.

கேள்வி: பவர் பேங்க் உப்பியிருக்கிறது.
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையில் எறியக் கூடாது. மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வைத்து, கட்டடத்துக்கு வெளியே நிழலில் விட்டு, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் சேர்க்க வேண்டும். டார்ச் பேட்டரிகளை எப்போதும் டார்ச்சிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

கேள்வி: ஜெனரேட்டர் புதிதுதான், ஆனால் புயலன்று கிளம்பவில்லை. என்ன காரணம்?
– மையப் பராமரிப்பாளர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: ஓட்டாமல் வைத்ததே காரணமாக இருக்கும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம், விளக்கும் மோட்டாரும் இணைத்துச் சுமையோடு ஓட்ட வேண்டும். பேட்டரி அளவி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2-க்கு வந்தால் ஏறத்தாழ பாதி. பாதியிலேயே பல மாதம் கிடந்த ஈய பேட்டரியின் தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு சார்ஜ் ஏறாது. பழையதைக் கடைக்காரர் கழிவு விலைக்கு எடுத்துக்கொள்வார். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன.

டீசலும் பழையதாகும். டிரம்மின் அடியில் தண்ணீர் சேர்ந்து, எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து, வழவழப்பான கசடு வடிகட்டியை அடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை ஊராட்சி வண்டிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். மாற்றிய என்ஜின் ஆயிலை வேலிக்கம்பில் பூசுவதும் வாய்க்காலில் விடுவதும் மண்ணைக் கெடுக்கும்; அதை மூடிய கேனில் சேர்த்து உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் தர வேண்டும். ஓடும்போது ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

கேள்வி: பழைய லைஃப் ஜாக்கெட்டுகளை மீனவர்களுக்குக் கொடுத்துவிடலாமா?
– தன்னார்வலர், பழவேற்காடு

பதில்: மிதக்கும் என்று உறுதியானால் மட்டும். உள்ளிருக்கும் நுரை ஆண்டுக்கணக்கில் அடுக்கின் அடியில் நசுங்கினால் மிதக்கும் திறன் குறையும். எடை கட்டி ஒரு பகல் முழுதும் நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். வார், பூட்டு, தையல் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். தேறாததை வார் அறுத்து, நுரையைக் கிழித்த பிறகே கழிக்க வேண்டும். முழுதாக எறிந்தால் யாரோ ஒருவர் எடுத்து, நம்பி அணிந்து கடலுக்குப் போவார்.

கேள்வி: கழிக்க வேண்டியதைக் கழித்தால் தணிக்கையில் கேள்வி வருமே?
– பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்

பதில்: எழுதாமல் கழித்தால் வரும். பொருளின் பெயர், எண்ணிக்கை, வாங்கிய நாள், கழிக்கும் காரணம், போன இடம், இருவர் கையொப்பம், புகைப்படம் ஆகியவை பதிவேட்டில் இருக்க வேண்டும். மேல் அலுவலரின் ஒப்புதலையும் பெற வேண்டும். விலை போகும் இரும்பும் பேட்டரியும் ஏலத்துக்கு. மருந்தும் மின்னணுவும் உரிய நிலையங்களுக்கு. அவற்றின் ரசீதும் அதே பக்கத்தில். கழித்த அன்றே மாற்றுப் பொருளுக்கான கோரிக்கையும் போக வேண்டும். இல்லையென்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையில் புயல் வரும். பக்கத்தின் கடைசி வரியில் அடுத்த சோதனை நாளையும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதி முடிக்க வேண்டும்.