அகத்தியரைத் தேடிய விண்கலம்

கடலில் செல்லும் கப்பலுக்குத் தான் இருக்கும் இடம் தெரிய வேண்டும். விண்கலத்திற்கோ அது மட்டும் போதாது. தன் முகம் எத்திசையில் இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. சிறிது தள்ளினாலும் கலம் சுழன்றுகொண்டே இருக்கும். தடுக்கக் காற்றும் இல்லை.

1964 நவம்பர் 28ஆம் நாள் அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய மாரினர்-4 கலத்தை எடுத்துக்கொள்வோம். அது முதலில் சூரியனைப் பார்த்து நின்றது. ஆனால் சூரியனைப் பார்த்தபடியே பம்பரம்போல் உருள முடியுமல்லவா? அப்படி உருண்டால், கலத்தோடு அசையாமல் பொருத்தப்பட்ட பெரிய ஏரியல் பூமியை நோக்காது. படமும் வந்து சேராது. ஆகவே இரண்டாவதாக ஓர் ஒளிப்புள்ளி தேவை. அதற்குத் தெரிந்தெடுத்தது கனோபஸ், அதாவது நம் அகத்திய விண்மீன். தை, மாசி முன்னிரவில் தென்வானில் தாழ்வாக ஒளிர்வதைத் தோழியர் பார்த்திருக்கலாம். இரவு வானில் சிரியசுக்கு அடுத்தபடி ஒளிமிக்கது அதுவே. சூரியன் செல்லும் பாதையிலிருந்து வெகுதூரம் விலகியிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளவும் இடமில்லை.

கருவி விண்மீனை ஒளியின் அளவைக் கொண்டுதான் இனங்கண்டது. இங்கேதான் தொல்லை. கலம் மெல்ல உருண்டு தேடியபோது, கருவி வேறு மீன்களைப் பிடித்துக்கொண்டது. நவம்பர் 30 அன்றுதான் கனோபஸ் அகப்பட்டது. பிறகும் நிம்மதி இல்லை. கலத்திலிருந்து உதிர்ந்த தூசி ஒன்று வெயிலில் மின்னினால் போதும். ஒளி மிகுந்துவிட்டதென்று கருவி கனோபஸைக் கைவிட்டுவிடும்! டிசம்பர் 4ஆம் நாள் பாதையைத் திருத்தும் வேலையே இதனால் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. கடைசியில், மிகுந்த ஒளியைக் கண்டு விலக வேண்டாம் என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பினார்கள். எத்தனை எளிய மருந்து! 1965 ஜூலையில் மாரினர் செவ்வாயைக் கடந்து, அக்கோளின் முதல் அண்மைப் படங்களை அனுப்பியது.

இக்காலக் கருவிகள் ஒரே மீனை நம்புவதில்லை. சிறு காமிரா பல மீன்களைப் படம் பிடிக்கும். அவற்றுக்கிடையேயுள்ள கோணங்களைக் கணிப்பொறி தன் நினைவிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுத் திசையை அறியும். கலத்தின் திருப்பத்தை அளக்க ஜைராஸ்கோப்பும் உண்டு. ஆனால் அதில் சிறு பிழை நாளடைவில் சேர்ந்துகொண்டே போகும். மீனைப் பார்த்துத்தான் அதைத் திருத்த வேண்டும்.

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-1, மறு ஆண்டு இந்த விண்மீன் கருவிகளை இழந்தது. ஜைராஸ்கோப்பின் துணையோடு நம் பொறியாளர்கள் அதனிடம் தொடர்ந்து வேலை வாங்கினார்கள். ஆகஸ்டு இறுதியில் தொடர்பு அறுந்தது.