பித்தளைப் பாத்திரம் பத்திரம்!

1. புளியைத் தொடுமுன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பிசுக்கின் மேல் புளி வேலை செய்யாது. குத்துவிளக்கைச் சுடுநீரும் சிகைக்காய்த் தூளும் போட்டுத் தேய்த்துவிட்டு, அப்புறம் புளி பூசினால் பாதி உழைப்பு மிச்சம்.

2. புளியோ எலுமிச்சையோ, ஐந்து நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஊறவைக்கவே கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பு நெடுநேரம் நின்றால் துத்தநாகம் கரைந்து, அங்கங்கே செம்பு நிறத்தில் திட்டு விழும்.

3. கழுவிய கையோடு துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள்.

4. மாட்டுக் கொட்டகைப் பரணில் பித்தளை வேண்டாம். என் பாட்டியின் குடத்தை அங்கேதான் கவிழ்த்து வைத்திருந்தோம். இரண்டு மழைக்காலம் கழித்து இறக்கினால் கழுத்தோரம் மயிரிழை போல விரிசல். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் குடம், ஓட்டைச் சட்டி மாதிரி சத்தம் போட்டது. கீழே விழவும் இல்லை, யாரும் இடிக்கவும் இல்லை. மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம். பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இதே கதை நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் 1921-இல்தான் தெளிவானது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் பித்தளைப் பக்கம் வைக்காதீர்கள்.

5. முதலில் ஒடுக்கு எடுங்கள், பிறகுதான் ஈயம். சுத்தியலால் தட்டத் தட்டப் பித்தளை இறுகும். இறுகிய இடத்தில்தான் விரிசல் முதலில் விழும். சூடு காட்டினால் அந்த இறுக்கம் தளரும். ரைபிளின் காலித் தோட்டா உறைகளைத் திரும்ப நிரப்புகிறவர்கள், அவற்றின் கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்குவதும் இதற்காகத்தான். ஈயம் பூசும் கரியடுப்பின் சூடு நம் பாத்திரத்துக்கும் ஓரளவு அதைச் செய்துவிடும். ஈயம் பூசிய பிறகு தட்டினால் பூச்சும் போச்சு.

6. ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே மஞ்சள் தெரிந்தால் ரசம், மோர் எதுவும் அதில் வேண்டாம். மறுபடி பூசக் கொடுக்கும்போது காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரீயம் நஞ்சு.

7. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய குடம் இருக்கும். இந்த வாரமே இறக்குங்கள். கழுத்தோரம் நகத்தால் தடவிப் பார்த்து, தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் கசிகிறதா என்று பாருங்கள்.