மீந்த தாளில் ஒரு தீபாவளி வாழ்த்து

உங்க வீட்டு அலமாரியில ஒரு இழுப்பறை இருக்கும். அதைத் திறந்து பாருங்க. நாலு வருஷத்துக் கல்யாண அழைப்பிதழ்கள், வங்கியில் கொடுத்த தீபாவளி அன்பளிப்பு உறைகள், பள்ளிக்கூட கைவினைப் பாடத்துக்கு வாங்கி பாதி தீர்ந்த வண்ணத் தாள், குவில்லிங் பட்டைகள், ஜரிகை ஒட்டிய பரிசுப் பொட்டலத் தாள். யாருக்கும் தேவையில்லை, ஆனா தூக்கிப் போடவும் மனசு வராது. அதுவும் அழைப்பிதழ் என்றால், மேலே பிள்ளையார் இருப்பார், நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். எப்படிக் குப்பையில போடுறது?

இந்த இதழில் நாம் கற்றுக்கொள்ளப் போவது அந்த இழுப்பறையை வைத்தே வாழ்த்து அட்டை செய்வது. கடைக்குப் போய் புதுசா எதுவும் வாங்கக் கூடாது. இது ஒன்றுதான் விதி. "கையால செய்யப் போறேன்" என்று சொல்லிவிட்டு பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போய் முப்பது வெள்ளிக்குப் பொருள் வாங்கி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு அட்டை செய்வார்கள். மீதி எல்லாம் இன்னொரு இழுப்பறைக்குப் போகும்.

முதலில், இதெல்லாம் நீலத் தொட்டிக்குப் போனால் போதாதா என்ற கேள்வி. சிங்கப்பூரில் தேசிய மறுசுழற்சித் திட்டம் 2001இல் தொடங்கியது. ஆனால் அந்தத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாதவை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. தாளை மறுசுழற்சி செய்வது என்றால் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கி, இழைகளைப் பிரித்தெடுப்பது. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை தண்ணீரில் ஊறாது. மினுமினுப்புத் தூளும் பிளாஸ்டிக்தான், கூழோடு கலந்துவிடும். தங்க ஃபாயில், வெல்வெட், கல் பதித்த பூ என்று அழைப்பிதழ் எவ்வளவு ஆடம்பரமோ, அவ்வளவு சிக்கல். மிஞ்சுவது எரிக்கப்பட்டு, சாம்பல் 1999 முதல் இயங்கும் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். நாம் பத்து அட்டை செய்து செமாக்காவைக் காப்பாற்றப் போவதில்லை, அந்தப் பேச்சே வேண்டாம். நம் பிரச்சினை அதைவிடச் சின்னது, ஆனா நெருக்கமானது: அந்தப் பிள்ளையாரை என்ன செய்வது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். சாமி படம் அச்சில் வந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது ரொம்பப் பழைய கதை இல்லை. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது, லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணப் படமாக சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். பிறகு கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவின் (1898–1976) ஓவியங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக ஊர் ஊராகப் போயின. தாத்தா வீட்டில் நீங்கள் பார்த்த முருகன் படம் அவர் வழியில் வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் வேறொன்று. ரவிவர்மா அச்சுப் படங்களை வாங்கியவர்கள் சிலர் அவற்றை அப்படியே மாட்டவில்லை. லட்சுமியின் சேலை இருக்கும் இடத்தில் நிஜப் பட்டுத் துணியை வெட்டி ஒட்டினார்கள். நகை இருக்கும் இடத்தில் மணி, ஜிகினா, ஜரிகை. முகத்தையும் கையையும் மட்டும் அச்சில் இருந்தபடி விட்டுவிட்டார்கள். இப்படி அலங்கரித்த படங்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். 'பேப்பர் கிராஃப்ட்' என்ற பெயரெல்லாம் தெரியாமல் நம் பாட்டிமார் செய்த வேலை அது. கையில் இருந்த துண்டின் அளவைப் பார்த்து, அது எங்கே பொருந்தும் என்று யோசித்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான் தொடங்க வேண்டும். முதலில் படத்தை மனதில் வரைந்துவிட்டுத் துண்டு தேடினால் கடைக்குப் போக வேண்டிவரும். துண்டை மேசையில் பரப்பிவிட்டு அது என்ன கேட்கிறது என்று பார்த்தால் வேலை நடக்கும்.

சரி, பிள்ளையார். என் கருத்தைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். உருவத்தின் குறுக்கே கத்தரிக்கோல் போகக் கூடாது, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு முழுசாக வெட்டி எடுக்கணும். அட்டையின் மடிப்பு முகத்தின் மேல் விழக் கூடாது. உறையின் வெளிப்பக்கத்தில் ஒட்டவே கூடாது, ஏன்னா அங்கே முத்திரை குத்துவார்கள், தரையில் விழும், பிரித்ததும் கிழித்துப் போடுவார்கள்.

ஆனால் இவ்வளவு மரியாதையாகச் செய்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. பிள்ளையாரை அட்டையில் ஒட்டி அத்தைக்கு அனுப்பினால், நம் இழுப்பறைப் பிரச்சினை அத்தையின் இழுப்பறைக்குப் போகிறது, அவ்வளவுதானே? இதை நாங்கள் நண்பர்கள் ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் ஒரு வழி தோன்றியது. சாமி படம் இருக்கும் அட்டையை, பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளும்படி செய்வது. படத்தைத் தனி அட்டையில் ஒட்டி, வாழ்த்தின் உள்ளே நாலு மூலையிலும் சின்ன பிளவு வெட்டி அதில் செருகிவிடலாம். வாங்குகிறவர் அதை எடுத்து பூஜை அறையில் வைக்கலாம், ராமாயணப் புத்தகத்தில் அடையாள அட்டையாக வைக்கலாம். அப்படி வைத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தவருக்கு சாமி படம் வேண்டாம். குத்துவிளக்கு, மாவிலை, மயில், வாழைமரம், ஓர வேலைப்பாடு, இவை எல்லா அழைப்பிதழிலும் இருக்கும். அவற்றை எடுங்கள். வேற்று மதத்து நண்பருக்கும் இதுதான் பொருத்தம்.

இன்னொன்று: அழைப்பிதழில் மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். அந்தப் பகுதி வேறொருவர் கைக்குப் போகக் கூடாது. எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பி ஒட்டினால் போதும் என்று நினைக்காதீங்க, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். வெட்டி எடுத்துக் கிழித்துவிடுங்கள்.

இனி செய்முறை. இங்கே கொஞ்சம் பொறியியல் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவிலிருந்து தொடங்கலாம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அதைப் பாதியாக வெட்டினால் ஏ5. அந்த ஏ5ஐ மடித்தால் 105க்கு 148, அதாவது ஏ6 அளவு அட்டை. இது சி6 என்ற உறையில் (114க்கு 162) அழகாக உட்காரும். ஒரு ஏ4 அட்டையில் இரண்டு வாழ்த்து, வீணாவது எதுவும் இல்லை. எடையும் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் 32 ஏ5 தாள் இருக்கும். 250 ஜிஎஸ்எம் அட்டை என்றால் 250ஐ 32ஆல் வகுத்தால் சுமார் 7.8 கிராம். மேலே ஒட்டும் துண்டு, உறை எல்லாம் சேர்த்தாலும் 20 கிராமுக்குள் அடக்கிவிடலாம். உள்ளூர் அஞ்சலில் 20 கிராம் வரையான சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 2023 அக்டோபரில் 31 காசிலிருந்து 51 காசாக ஏறியது. அதுக்கு மேல எடை ஏறினால் காசும் ஏறும். மணி, கல் எல்லாம் ஒட்டி உறை புடைத்துக்கொண்டால் நேரில் கொடுப்பதே நல்லது.

அடுத்தது தாளின் இழை. மரப்பலகைக்கு நார் ஓட்டம் இருப்பது போலத் தாளுக்கும் உண்டு. இயந்திரத்தில் கூழ் ஓடும் திசையில் இழைகள் படுத்துவிடும். தாளை மெதுவாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும் திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். எதிர்த் திசையில் மடித்தால் விளிம்பு வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிடுங்கள். இதற்கென்று கருவி விற்கிறார்கள், தேவையே இல்லை.

இழையின் திசை ஒட்டும்போதுதான் உண்மையில் முக்கியம். ஈரம் பட்டால் தாளின் இழை நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கில்தான் வீங்கும். அடி அட்டையின் இழை ஒரு பக்கமும் மேல் துண்டின் இழை வேறு பக்கமும் இருந்தால், பசை காயும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுத்து அட்டை சுருண்டுகொள்ளும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. இங்கே செய்த அட்டை குளிரூட்டிய அறைக்குள் போனால் மறுபடி சுருளும். ஆகவே இரண்டு துண்டுக்கும் இழை ஒரே திசையில் இருக்கட்டும். வெள்ளை பிவிஏ பசையை மெல்லிசாக, பழைய வங்கி அட்டையின் விளிம்பால் தேய்த்து விடுங்கள். ஒட்டியதும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி விடணும். என்னிடம் வெப்ப இயக்கவியல் பாடப் புத்தகம் இதற்கு நன்றாகப் பயன்படுகிறது.

ஃபாயில், பிளாஸ்டிக் படலம் உள்ள துண்டுகளில் இந்தப் பசை பிடிக்காது. தண்ணீரை உறிஞ்ச அங்கே இழை வெளியே இல்லை. அவற்றுக்கு இருபக்க ஒட்டு நாடாதான்.

அழைப்பிதழின் மஞ்சள் மூலையை வெட்டிவிடாதீங்க. மங்கலம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். குங்குமம் செய்யும் பழைய முறையே அதுதானே. தேக்காவில் வெற்றிலை விற்கும் கடைகளில் சுண்ணாம்பு கிடைக்கும். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருந்தால் கடைக்குக்கூடப் போக வேண்டாம். தீக்குச்சி முனையில் துளி எடுத்து மஞ்சள் கறையின் நடுவில் வைத்தால் பொட்டு மாதிரி வரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி தங்கையிடம் கொடுக்காதீங்க.

வடிவமைப்பு தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்: கோலம் இருக்கு. துளையிடும் கருவியின் அடியில் தங்கும் வட்டத் துணுக்குகளைச் சேர்த்து வையுங்கள். அன்பளிப்பு உறைகளைத் துளைத்தால் ஊதா, பச்சை, தங்கம் என்று துணுக்குகள் விழும். ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி நாலு வரை வைக்கும் கோலத்துக்கு 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 துணுக்கு போதும். 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் ஏழு புள்ளி வரிசை ஏறத்தாழ 78 மில்லிமீட்டர் வரும். 105 மில்லிமீட்டர் அகல அட்டையில் இருபுறமும் இடம் மிஞ்சும். பென்சிலால் லேசாகக் கட்டம் போட்டுப் புள்ளி ஒட்டி, அது காய்ந்ததும் குவில்லிங் பட்டைகளை விளிம்பில் நிறுத்தி இழுத்தால் கோடு எழும்பி நிற்கும். வராதவர்கள் பேனாவாலேயே போடலாம். புள்ளியோடு விட்டாலும் அழகுதான், பார்க்கிறவர் மனசில் கோட்டைப் போட்டுக்கொள்வார்.

உள்ளே என்ன எழுதுவது? இங்கேதான் பல பேர் நின்றுவிடுகிறார்கள். அட்டை செய்ய இரண்டு மணி நேரம் உட்காருவார்கள், உள்ளே "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று எழுதிப் பெயர் போட்டு முடித்துவிடுவார்கள். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல், ஆயிரம் கிறிஸ்துமஸ் அட்டைகளை அச்சடித்தார். வியாபாரமாக வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். எழுதுகிற வேலையை மிச்சப்படுத்தவே அச்சட்டை பிறந்தது. இன்று குடும்பக் குழுவில் காலை ஆறு மணிக்கு வந்து விழும் மினுங்கும் விளக்குப் படம் அதன் பேரப்பிள்ளை. தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அனுப்பிய தலைமுறைக்கும் இது தெரியும். உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தபால்தலையில் கட்டுக்கட்டாக அனுப்புவார்களாம். அம்மா சொல்வார், அச்சு வரிகளுக்குக் கீழே பேனாவில் கிறுக்கியிருக்கும் ஒரு வரியைத்தான் முதலில் தேடுவோம் என்று.

அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. நம்மில் பலர் ஓ நிலைத் தேர்வோடு தமிழில் கையெழுத்து எழுதுவதை நிறுத்திவிட்டோம். கட்டுரைத் தமிழ் தேவையில்லை, பேசுகிற மாதிரியே எழுதலாம். "அத்தை, போன வருஷம் நீங்க கொடுத்த முறுக்கு ரெண்டே நாள்ல தீர்ந்துடுச்சு, இந்த வருஷம் கூடுதலா வேணும்." பொதுவான வாழ்த்தை யாரும் யாருக்கும் அனுப்பலாம், இதை அந்த அத்தைக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். 'ற'வா 'ர'வா என்று சந்தேகம் வந்தால் பாட்டியைக் கேளுங்கள். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும். முதலில் வேறு தாளில் எழுதிப் பாருங்கள், அதற்கும் அழைப்பிதழ் உறையின் பின்பக்கம் இருக்கு.

எப்போது தொடங்குவது என்றால், நவராத்திரியில் பொருள்களைப் பிரித்து வையுங்கள்: தடித்த அட்டை ஒரு கட்டு, மெல்லிய தாள் ஒரு கட்டு, படங்கள் தனி உறையில். சரஸ்வதி பூஜை அன்று கத்தரிக்கோல், ஸ்கேல், மை தீர்ந்த அந்தப் பேனா எல்லாம் பூஜையில் இருக்கட்டும், தொட வேண்டாம். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து முதல் அட்டையை வெட்டுங்கள். அங்கிருந்து தீபாவளிக்குச் சுமார் 20 நாள் இருக்கும். ஊருக்கு அனுப்பும் அட்டைகளை முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள், உள்ளூர் அட்டைகளுக்கு அவசரமில்லை.