தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

கேள்வி: பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறது. வீட்டிலுள்ள சானிடைசர் பாட்டிலிலோ 'ஃப்ளேமபிள்' என்று போட்டிருக்கிறது. விசிபிளுக்கு எதிர்ச்சொல் இன்விசிபிள் என்றால், இன்ஃப்ளேமபிள் என்பது தீப்பிடிக்காதது என்றுதானே ஆகவேண்டும்? மகன் கேட்டான், பதில் சொல்ல முடியவில்லை.
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. குழப்பத்துக்குக் காரணம் முன்னால் நிற்கும் 'இன்'. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு 'இன்'கள் வந்தன. இன்விசிபிள், இன்கரெக்ட் இவற்றில் வருவது 'இல்லை' என்று மறுக்கும். இன்னொன்று 'உள்ளே' என்று பொருள்பட்டு, வினைக்கு அழுத்தம் தரும். தீ மூட்டுதலைக் குறிக்கும் இன்ஃப்ளேம் என்ற வினையில் இருப்பது இந்த இரண்டாவது 'இன்'. அதிலிருந்து பிறந்ததே இன்ஃப்ளேமபிள். டாக்டர்கள் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் இதே குடும்பம். அதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. மகனுக்கு இதைச் சொல்லுங்கள், மறக்கமாட்டான்.

இரண்டில் மூத்தது இன்ஃப்ளேமபிள். ஃப்ளேமபிள் 19-ஆம் நூற்றாண்டில் வந்த சொல். வெகுகாலம் அதிகம் புழங்கவில்லை. உங்களுக்கு வந்த சந்தேகம் தொழிற்சாலையிலோ கிடங்கிலோ ஒருவருக்கு வந்தால் உயிரே போய்விடும். பெட்ரோலின் ஆவி சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால்தான் 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிள் என்றே எழுதும்படி வலியுறுத்தியது. பிரிட்டிஷ் தர நிர்ணய அமைப்பும் 1959-இல் அதையே பரிந்துரைத்தது. ரசாயனங்களுக்கு ஐ.நா. வகுத்த எச்சரிக்கை முறையிலும் இன்று அந்தச் சொல்தான். நம் டேங்கர்களில் மட்டும் பழைய சொல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தீப்பிடிக்காத பொருளைக் குறிக்க 'நான்-ஃப்ளேமபிள்' என்று எழுதுங்கள். 'நான்-இன்ஃப்ளேமபிள்' இலக்கணப்படி தவறல்ல. ஆனால் படிப்பவரை இன்னும் குழப்பும். கலவரத்தைத் தூண்டும் பேச்சுக்கு இரண்டுமே பொருந்தாது. அதற்கு இன்ஃப்ளமேட்டரி என்ற தனிச்சொல் உண்டு.

எச்சரிக்கைப் பலகை எழுதுவதானால் ஃப்ளேமபிள் போதும். இன்ஃப்ளேமபிள் என்று எழுதிய எதன் பக்கத்திலும் தீக்குச்சி கிழிக்காதீர்கள்.