புழல் கால்வாய்க் கரைக்கு எந்த ரேடியோ?

புழல் ஏரியின் மதகு திறக்கப்படும்போதெல்லாம் உபரிநீர் வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் என்று ஊர் ஊராகக் கடந்து எண்ணூர்ப் பக்கம் கடலைச் சேர்கிறது. அந்த வழியில் தாழ்ந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட மாத்தூர்ப் பிரதேசத்தில், நீர்மட்டத்தை அளந்து தானே தகவல் அனுப்பும் சிறு சாதனங்களைக் கால்வாயோரம் நிறுத்த விரும்பும் குடியிருப்போர் சங்கத்தாரும் பொறியியல் மாணவர்களும் முதலில் தயங்கும் விஷயம், அதில் எந்த ரேடியோ மாட்யூலைப் பொருத்துவது என்பதுதான். விலையையும் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்ற விளம்பரத்தையும் பார்த்தே பலர் வாங்குகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த நாட்களைப் போல மின்சாரம் நின்று, கைபேசியும் ஓய்ந்து, தெருவெல்லாம் வெள்ளமாக இருக்கும்போது இந்தச் சாதனம் சொல்வது யார் காதில் விழும் என்பதையே முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அலைவரிசையில் தேர்வுக்கு இடமே இல்லை. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 2021இல் வந்த விதிகளால் 868 வரையிலும், உரிமம் பெறாமல் உபயோகிக்கலாம். சென்னை ரிச்சித் தெருவின் மின்னணுக் கடைகளில் 433, 868, 915 என்று எண்ணிட்ட மாட்யூல்கள் அடுத்தடுத்து இருக்கும். 868 என்று குறித்ததை வாங்கி மென்பொருளில் 865க்கு இறக்கிக்கொள்வதே சரி. 915 அமெரிக்காவுக்கென்று ஏற்பட்டது. இங்கே அது கைபேசி அலைவரிசையின் மேல் போய் விழும்.

அந்த எல்லைக்குள் நிற்கிற பிரதான முறை லோரா. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்ளியோ என்ற சிறு கம்பெனி கண்டுபிடித்த இந்த முறையை 2012இல் செம்டெக் வாங்கியது. இன்று கடையில் கிடைக்கும் லோரா மாட்யூல்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதன் சில்லுதான். சந்தடியில் நிற்பவனுக்கு ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொல்வதைப் போல, செய்தியைக் காலத்தில் நீட்டி அனுப்புவதால், சுற்றியுள்ள இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்துபோன சமிக்ஞையைக்கூட அது மீட்டெடுக்கிறது. ஆனால் அந்த நீட்டலுக்கு விலையுண்டு. பத்து பைட் செய்தி ஒன்று நீட்டலின் அளவைக் குறிக்கும் எஸ்எஃப் எண்ணில், எஸ்எஃப் 7 என்ற வேகமான நிலையில் சுமார் 60 மில்லி செகண்டில் போய்விடும்; எஸ்எஃப் 12இல் அதே செய்திக்கு ஏறக்குறைய ஒன்றரை செகண்ட் ஆகிறது; பாட்டரியும் அதே விகிதத்தில் கரைகிறது. ஆகையால் நிறையத் தூரம் வேண்டுமென்று எல்லாக் கருவிகளையும் 12இல் வைப்பது, இரண்டு வருஷம் உழைக்க வேண்டிய பாட்டரியைச் சில மாதங்களில் தீர்த்துவிடும் காரியம். வேகத்தைக் கூட்டி, ஆன்டெனாவை உயர்த்துவதே உத்தமம். சில்லுகளுக்குள் பழைய எஸ்எக்ஸ் 1276ஐவிட எஸ்எக்ஸ் 1262 மேல். கேட்கும்போது பழையதில் பாதிக்கும் குறைவான மின்சாரமே அதற்குப் போதும்.

இரண்டே முனைகள் என்றால், உதாரணமாகக் கீழ்த் தொட்டிக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் இடையே மட்டும் என்றால், வெறும் லோரா மாட்யூல் இரண்டு போதும்; வேறெதுவும் வேண்டாம். கால்வாய் நெடுகப் பல கம்பங்கள் என்றால், பல லோரா கருவிகளை ஒரே வலைப்பின்னலாக்கும் லோராவான் முறையும், எட்டு சேனல்களை ஒரே சமயத்தில் கேட்கும் கேட்வே ஒன்றும் அவசியம். விலை மலிவென்று ஒற்றைச் சேனல் கேட்வே வாங்கினால், மற்றச் சேனல்களில் கருவிகள் அனுப்புவதெல்லாம் காற்றோடு போகும்.

மூன்றாவது வழி, 2016இல் வரையறுக்கப்பட்ட என்பி-ஐஓடி. கைபேசிக் கம்பெனியின் கோபுரமே கேட்வே. சிம் கார்டு போட்டால் ஆயிற்று. சங்கத்தில் கேட்வேயைப் பராமரிக்க ஆள் இல்லாதபோதும், கருவிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் தனித்திருக்கும்போதும், இதன் சௌகரியத்துக்கு ஈடில்லை. ஆனால் நம் காரியமோ வெள்ளம். வெள்ளத்தில் கோபுரமும் மின்சாரமின்றி ஓய்ந்துபோவது உண்டு. அப்போது சாதனம் வீணே கூவிக்கொண்டிருக்கும். இன்னொருவர் வலைப்பின்னலை நம்புவதில் வேறோர் அபாயமும் இருக்கிறது: இதே துறையில் உலகெங்கும் பரவிய சிக்ஃபாக்ஸ் 2022 ஜனவரியில் கடனடைக்க இயலாத நிலைக்கு வந்து, பின்பு வேறொரு கம்பெனியின் கைக்குப் போயிற்று.

சொந்த கேட்வே இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. அது கேட்டதை இணையத்துக்கு ஏற்றுவதும் பெரும்பாலும் அதே கோபுரத்தின் வழியாகத்தான். ஆகவே கேட்வேயை உயரமான மொட்டைமாடியில் சோலார் தகட்டோடும் பாட்டரியோடும் வைத்து, பக்கத்திலேயே நீர்மட்டத்தைக் காட்டும் ஒரு சிறு திரையையும் ஒரு சைரனையும் கட்டிவிட வேண்டும். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரு ஜனங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே கால்வாய்க்கு நான் லோராவானைச் சொல்கிறேன்.

எதை வாங்கினாலும், பொருத்துவதில்தான் பாதி வெற்றி. 866 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலைக் கம்பி ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர். அதை இரும்புத் தொட்டியின் மேல் ஒட்டிவைத்தால் அதன் சுதியே மாறிவிடும், ஆள்நுழைக் குழியின் இரும்பு மூடிக்குள் வைத்தால் ஓசையே வெளியே வராது. உப்புநீருக்குள்ளும் அலை போகாது. எனவே அழுத்தம் அளக்கும் உணரியைத் தண்ணீரில் விட்டு, ரேடியோவை வெள்ளக்கோட்டுக்கு மேலே கம்பத்தில் நிறுத்தி, இடையே கேபிள் இழுப்பது நல்லது. எண்ணூர்க் காற்றின் உப்பு ஆன்டெனா இணைப்பின் பித்தளையைப் பச்சையாக்குவதால் அந்த முனையை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். 3.6 வோல்ட் லித்தியம் தயோனில் குளோரைடு பாட்டரி வெகுநாள் உழைக்கும் என்றாலும், அனுப்பும் கணத்தில் திடீரெனக் கேட்கும் மின்சாரத்தைத் தருவதில் பலவீனமானது. பக்கத்தில் ஒரு கெபாசிட்டர் வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் ஓடும்படி ஆயிற்று. அதுபோன்ற உயிர்காக்கும் வாயு எச்சரிக்கையை இந்த ரேடியோக்கள் எதனிடமும் ஒப்படைக்கக் கூடாது. லோராவில் பல கருவிகள் ஒரே சமயத்தில் பேசினால் செய்திகள் மோதி அழியலாம், பதில் வந்ததா என்று கேட்பதும் அதன் இயல்பான வழக்கமல்ல; என்பி-ஐஓடியோ கோபுரம் ஓய்ந்தால் தானும் ஓய்ந்துவிடும். அந்தக் காரியத்துக்கு வயர் இழுத்த எச்சரிக்கையே வேண்டும்.

மொத்தமாக வாங்குமுன் இரண்டு மாட்யூல்களை மட்டும் வாங்கி, ஒன்றை மாடியிலும் மற்றதைக் கால்வாய்க் கம்பத்திலும் கட்டி, பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளில் இரும்புப் பெட்டிகள் அடுக்கப்படும் பகல் நேரத்திலும் மழை கொட்டும்போதும் சமிக்ஞையின் பலத்தையும் இரைச்சல் விகிதத்தையும் குறித்துப் பாருங்கள். எஸ்எஃப் 9க்குள் ஒழுங்காக வந்தால் அந்த இடம் சரி, வராவிட்டால் மாட்யூலை மாற்றுமுன் ஆன்டெனாவை இன்னும் பத்தடி உயர்த்துங்கள்.