திருப்பிப் படுக்க வைக்கும் வேலை

அன்புத் தங்கைக்கு,

ஐ.சி.யு.வில் போடவில்லையே, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைப்பதிலும் திருப்பிப் போடுவதிலுமே டியூட்டி போய்விடுகிறதே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அந்த வேலையைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்சாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை அவர் மீளவே இல்லை. ஏறத்தாழ 42 ஆண்டுகள் அந்த மருத்துவமனை நர்சுகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற, அடுத்த தலைமுறை ஏற்றுக்கொண்டது. 2011-ல் உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசும் உரிமை அந்த ஊழியர்களுக்கே உண்டு என்றது. அத்தனை காலமும் படுக்கைப்புண் அண்டாமல் காத்தார்கள். நம் தொழிலில் இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியாது.

அப்படிக் காப்பது தானாக வந்துவிடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இழுக்காதே, விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்கு. இழுத்தால் தோல் உள்ளுக்குள்ளேயே கிழியும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வை, குதிகால் மெத்தையில் படாமல் பார், விரிப்பின் சுருக்கத்தை நீவி விடு. முதுகின் அடியில் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார். எடுத்ததும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கேஸ் ஷீட்டில் எழுது, டாக்டரிடம் சொல். நினைவில்லாதவர் என்றாலும், "அம்மா, இந்தப் பக்கம் திருப்புறேன்" என்று சொல்லிவிட்டே தொடு.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மகளோ மனைவியோ உட்கார்ந்திருப்பார். அட்டெண்டர் என்று வெளியே விரட்டாதே. டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் முதல் அந்த வீட்டு நர்ஸ் அவர்தான். மூக்குக் குழாயில் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்த வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று செய்து காட்டு. பிறகு அவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார். வாயால் சொன்னது வாசல் தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

உன் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும், "அவதான் நர்சாச்சே" என்று உன் தலையில் கட்டுவார்கள். மனசார செய். ஆனால் அண்ணன் தம்பிகளுக்கும் கற்றுக்கொடுத்துப் பங்கு போடு. நைட் டியூட்டி முடிந்து வந்தால் முதலில் தூங்கு. தூக்கமில்லாத கை மருந்தின் அளவைத் தப்பாக எடுக்கும். தூங்காமல் உழைப்பதைத் தியாகம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஐ.சி.யு.வுக்கு நீ கட்டாயம் போவாய். அங்கேயும் இதே வேலைதான் காத்திருக்கிறது, மெஷின்கள் மட்டும் கூடுதல். அதனால் இப்போதே கையைப் பழக்கிக்கொள். இன்று டியூட்டிக்குப் போனதும் உன் நோயாளிகளின் குதிகாலை ஒரு தடவை தூக்கிப் பார்.

அன்புடன்,
அக்கா