மேஜையில் ஏற்கெனவே கிடந்த கோப்பு

அன்புத் தம்பிக்கு,

நந்தன் நிலேகனி பற்றிய உன் கட்டுரையை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். தெம்பிலி கிராமத்துப் பகுதி அபாரம். 2010 செப்டம்பர் 29-ல் மன்மோகன் சிங்கும் சோனியா காந்தியும் முதல் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகு அந்த ஊரில் என்ன மிஞ்சியது என்று கேட்டாயே, எங்கள் செட்டில் ஒருத்தருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. பொறாமையாக இருந்தது.

மற்றதெல்லாம் எரிச்சல்தான். அதென்ன பக்கத்துக்குப் பக்கம் தியாகம்? ஆதார் ஆணையத்தை நடத்த இன்ஃபோசிஸ் பதவியை விட்டார், சரி. பங்குகளை விட்டாரா? 2014-ல் பெங்களூரு தெற்கில் நின்றபோது அவரே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் குடும்பச் சொத்து ஏழாயிரம் கோடிக்கு மேல். பெரும்பகுதி அந்தப் பங்குகள்தான். அவர் எதையும் மறைக்கவில்லை, நீதான் பார்க்கவில்லை. கேபினட் அந்தஸ்தோடு டெல்லிக்குப் போனவருக்காக நாம் ஏன் உருக வேண்டும்?

'வந்தார், மாற்றினார்' என்கிற நடையும் எனக்கு ஆகாது. 2002-ல் பி.எஸ்.இ.எஸ். என்கிற தனியார் மின் நிறுவனத்தின் தலைவர் ஆர்.வி.ஷாஹியை மத்திய மின்துறைச் செயலாளர் ஆக்கினார்கள். மறு வருஷம் மின்சாரச் சட்டம் வந்தது. தனியார் மூளை கொண்டுவந்த சட்டம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எங்கள் செய்தி ஆசிரியர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவர் உட்காரும்போது மேஜையில் என்ன கோப்பு கிடந்தது, அதைப் பாருங்கய்யா" என்றார். மசோதா 2001-லேயே மக்களவைக்கு வந்திருந்தது. ஷாஹி கெட்டிக்காரர்தான், அது வேறு விஷயம்.

உன் கட்டுரையில் கோப்பே இல்லை. நிலேகனி வருவதற்குச் சில மாதம் முன்பு, 2009 ஜனவரியில், திட்டக் கமிஷனின் கீழ் வெறும் அரசாணையால் உருவான அலுவலகம் அந்த ஆணையம். சட்டத்துக்கான மசோதா 2010 டிசம்பரில் மாநிலங்களவைக்குப் போனது. அடுத்த டிசம்பரில் யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஏற்க மறுத்தது. சட்டம் வந்தது 2016-ல், நிலேகனி ஆணையத்தை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்து. கம்பெனியில் போர்டு சம்மதித்தால் வேலை நடக்கும். இங்கே சட்டத்தின் துணையே இல்லாமல், ஒவ்வொரு அமைச்சகத்தின் சம்மதத்தையும் வாங்கி ஓட்டியிருக்கிறார். அவருடைய சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

ப.சிதம்பரத்தின் உள்துறையோடு நடந்த இழுபறியை ஒரு வரியில் தாண்டிவிட்டாய். 2012 ஜனவரியில் கைரேகை எடுக்கிற வேலைக்காக நாட்டை ஆணையத்துக்கும் உள்துறைக்குமாகப் பங்கு பிரித்தார்கள். தமிழ்நாடு உள்துறையின் மக்கள்தொகைப் பதிவேட்டின் பக்கம் போனது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று கைரேகை வைத்தோமே, அது அந்த முகாம். நீயும்தான் நின்றிருப்பாய்! இன்னொன்று, ஆணையத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் கோப்பை நகர்த்தத் தெரிந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர்.எஸ்.சர்மா. அவருக்கு நீ கொடுத்தது அடைப்புக்குறிக்குள் ஓர் இடம்.

நிலைக்குழு அறிக்கை நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். கட்டுரை புத்தகமாவதற்குள் அதைப் படித்துவிடு. தியாகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சர்மாவுக்குக் கொடு. தெம்பிலியில் கை வைக்காதே.